வெறும் மாடு

மூன்றே நிமிடம், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று விழாவை நடத்துகிற வகுப்புத் தோழன் பன்னீர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமில்லை. பயமாயிருந்தால் தண்ணீர் குடித்தால் அடங்கும். குடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. கோபம்தான். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு கோட்டத்துக்கே கால்நடைத் துறை உதவி இயக்குநராக இருந்துகொண்டு, பதினாலு டாக்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டு, படித்த கல்லூரியின் அரங்கத்தில் நான்காவது வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாள். தாள்கூட அவள் எழுதியதில்லை. பன்னீரே அச்சடித்துக் கொண்டுவந்து கையில் திணித்தான். ‘மகளிர் சார்பில் நன்றியுரை’ என்று தலைப்பு. அதன் கீழே, ‘தந்தையைப் போல் எங்களை அரவணைத்து, கைபிடித்துக் கற்றுத்தந்த எங்கள் பேராசிரியர்...’ கைபிடித்து. அந்தச் சொல்லிலேயே அவள் கண் நாலு தரம் போய் முட்டிக்கொண்டு நின்றது. யார் கையை யார் பிடித்தார்கள்? மேடையில் வாழைமரம், பூச்சரம், ‘முன்னாள் மாணவர் குடும்ப விழா, முப்பதாம் ஆண்டு’ என்று பெரிய பேனர். ஒரு பக்கம் பச்சைத் துணி போட்டு மூடிய கல்வெட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் துணியை விலக்கப் போகிறார்கள். இனப்பெருக்கவியல் துறைக்குக் கட்டிய புதுச் செய்முறைக் கூடத்துக்குப் பேராசிரியர் ஞானசம்பந்தம் பேரை வைக்கிறார்கள். அந்த ஞானசம்பந்தம் முதல் வரிசையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. பின்னாலிருந்து பார்த்தால் வழுக்கையும் இரண்டு பெரிய காதுகளும்தான் தெரிந்தன. வலது காதில் கருவி. பக்கத்தில் அவருடைய மகள், அப்பாவின் கைத்தடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.

மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனுடைய மனைவி. கல்லூரியில் படித்தவள் இல்லை, கட்டிக்கொண்டு வந்தவள். “எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ணப்ப ரத்தம் குடுக்க இந்த பேட்ச்சுல இருந்து பதினொரு பேர் வந்தாங்க. எங்க சொந்தத்துல ரெண்டு பேர்தான் வந்தாங்க” என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அரங்கமே கைதட்டியது. பூங்கோதையும் தட்டினாள். அதில் பொய் ஒன்றுமில்லை. அந்தப் பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. இந்த மனுஷர்கள் நல்லவர்கள், அதுதான் வேதனை. அப்பா செத்தபோது இதே பன்னீர்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். இந்த வளாகத்தின் மண் வாசனை, தீவனக் கிடங்கின் புளித்த மணம், விடுதிச் சாப்பாட்டறையின் அலுமினியத் தட்டுச் சத்தம் எல்லாம் அவளுக்கு வேண்டியவைதான். காலையில் காரைவிட்டு இறங்கியதும் அவள் முதலில் வைக்கோல் வாடையைத்தான் இழுத்தாள். அப்படியிருக்க, எதற்கு இந்த எரிச்சல்? அறுபத்திரண்டு பேர் படித்த வகுப்பில் ஐந்து பெண்கள். அந்த ஐந்தில் இன்றைக்கு வந்திருப்பவள் இவள் ஒருத்திதான். இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருத்திக்கு முட்டி வலி, வரவில்லை. இன்னொருத்தி... இன்னொருத்திக்கு அழைப்பே போகவில்லை. போன வாரம் பன்னீரிடம் கேட்டாள். “பட்டம் வாங்கினவங்க லிஸ்ட்டை வச்சுத்தான் அனுப்பினோம் பூங்கோதை, லூர்து பேரு அதுல இல்லையே” என்றான், அதில் என்ன தப்பு என்கிற குரலில். அதுதான். அந்தக் குரல்தான். “அம்மா” என்று பக்கத்திலிருந்து கயல் முழங்கையால் இடித்தாள். மகளும் இதே கல்லூரியில்தான் நான்காம் வருஷம் படிக்கிறாள். “பேப்பரைக் கசக்கிட்டு இருக்கே பாரு. போனதும் படிச்சிட்டு இறங்கிடு. ஏடாகூடமா எதையும் பேசி வைக்காதே. எங்க டீனு ஞானி சாரோட ஸ்டூடன்ட்டு.” பூங்கோதை தாளைத் தொடையில் வைத்து நீவினாள். கசங்கியது கசங்கியதுதான்.

ஓரமா நில்லுங்க. முப்பது வருஷமாக அவள் காதில் அந்த ஒரு வார்த்தை, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. “பொண்ணுங்கல்லாம் ஓரமா நில்லுங்கம்மா, பொடவை அழுக்காயிடும்.” அதட்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞானசம்பந்தம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பெரிய மனது வைத்துச் சலுகை கொடுக்கிறவர் மாதிரி. மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, வாலை ஒரு பக்கம் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பையன்கள் ஒவ்வொருவனாகத் தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு பின்னால் போய்க் கையை உள்ளே விடுவார்கள். சினை பார்க்கிறது என்றால் கண்ணால் பார்க்கிற காரியமா? குடலுக்குள் கையைவிட்டு, கீழே கிடக்கிற கருப்பையை விரலால் துழாவி எடுத்து, கொம்பு என்று சொல்கிற அதன் இரண்டு கிளைகளில் எது பருத்திருக்கிறது, எத்தனை மாசம், சூல்பையில் கட்டி இருக்கிறதா என்று விரல்தான் பார்க்கும். கண் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை ஓரமாக நின்று எப்படிக் கற்றுக்கொள்வது? மாட்டின் பின்புறத்தையும் பையன்களின் முதுகையும் இரண்டு வருஷம் பார்த்தார்கள் ஐந்து பேரும். குறிப்பேட்டில் படம் வரைந்தார்கள். கலர் பென்சிலில் கருப்பை, இளஞ்சிவப்பு. “வெரி குட், படம் யாருக்கு வரும், பொண்ணுங்களுக்குத்தான் வரும்” என்று சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். ஒருநாள் பூங்கோதையே கேட்டாள், குழைந்துதான் கேட்டாள், “சார், நாங்களும் ஒருதரம்...” என்று. “உங்க தோள்ல அந்தப் பலம் பத்தாதும்மா. மாடு ஒரு நெட்டு நெட்டினா கை ஒடிஞ்சுடும், உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது?” பையன்கள் சிரித்தார்கள். அதோ, மேடையில் மைக்கைப் பிடித்து நிற்கிற பன்னீரும் அன்றைக்குச் சிரித்தவன்தான். அது அவனுக்கு ஞாபகமே இருக்காது. ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையைக்கூட எங்களிடமே விட்டுவிட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல் சூடாகியது.

லூர்துமேரிதான் வழி கண்டுபிடித்தாள். கல்லூரியிலிருந்து ஏழு மைலில் அவளுக்கு வீடு. அவள் அம்மா அந்தோணியம்மாள் ஐந்து மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு லூர்து நாலு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்த் தொழுவத்தில் நிறுத்தினாள். “எம்மா, இவளுகளுக்கு மாட்டுக்குள்ள கை விடணுமாம்.” அந்தம்மா மேலும் கீழும் பார்த்தாள். “அதுக்குத்தானே காலேஜு வச்சிருக்கான்?” “அங்க விட மாட்டேங்குறாங்கம்மா.” அந்தம்மா உள்ளே போய் வாளியில் வெந்நீரும் ஒரு துணிச் சோப்புக் கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். “நகத்தை ஒட்ட வெட்டிட்டு வாங்க. ஒரு மாட்டுக்கு ஒருத்திதான். அதுக்கும் நோவுமில்ல?” அவ்வளவுதான் நிபந்தனை. உறைக்கு எங்கே போவது? சோப்பைக் குழைத்து வெறுங்கையில் தோள்வரை பூசிக்கொண்டார்கள். முதல்முதலாக உள்ளே கை போனபோது அந்தச் சூடு, அடேயப்பா, உயிரின் நடுவுக்கே கை போய்விட்ட மாதிரி. மாடு கையை இறுக்கிப் பிழிந்தது. விரல் மரத்துப்போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. குழகுழவென்று எல்லாம் ஒன்றாயிருந்த இடத்தில் சட்டென்று ஒரு வடிவம், பிறகு அதன் இரண்டு கொம்பு, பிறகு பாக்குக்கொட்டை அளவில் ஒரு சூல்பை. “கெடச்சிருச்சுடீ!” என்று இவள் கத்தினாள். மாடு மிரண்டு ஒரு உதை விட்டது. லூர்து சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைதான் கை. உள்ளே போன மாத்திரத்தில் ‘அம்பத்தஞ்சு நாள்’ என்பாள், ‘எழுபது’ என்பாள். தேதி பார்த்தால் இரண்டு நாள் முன்னே பின்னே இருக்கும். இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்புவார்கள். எத்தனை தேய்த்தாலும் வாடை போகாது. சாப்பாட்டறையில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து தள்ளிப் போவார்கள். இவர்கள் ஐந்து பேரும் ராணிகள் மாதிரி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. அந்தோணியம்மாளுக்கு எந்தக் கல்வெட்டில் பேர்?

“என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு?” என்று மதிவாணன் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். கணவர். பள்ளித் தலைமையாசிரியர். விழா என்றால் அவருக்கு உயிர். காலையிலிருந்து எல்லோருடைய பேரையும் கேட்டுக் கேட்டுக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்ல” என்றாள். “வயசான மனுஷன் கோதை. இன்னும் எத்தனை நாளைக்கு? நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வந்துடு. பொண்ணு இங்கதான் படிக்குது, அதையும் மனசுல வச்சுக்க.” மனசில் வைத்துக்கொள்ளாமல்? அதை வைத்துக்கொண்டதால்தானே இந்தத் தாளை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறாள். வரும் மாசம் கயலுக்கு வாய்மொழித் தேர்வு. ஆனால் போன திங்கட்கிழமை அவளுடைய அலுவலக மேசைக்கு வந்ததே ஒரு மனு, அதை எங்கே வைப்பது? ‘மேற்படி லூர்துமேரி என்பவர் கால்நடை மருத்துவப் பட்டம் ஏதுமின்றி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினைப் பரிசோதனை செய்து வருகிறார். போலி மருத்துவரான அவர்மீது தக்க நடவடிக்கை...’ போலி. அந்த வார்த்தையைப் படித்தபோது எதிரே நின்ற எழுத்தரிடம், “இவங்க பார்த்து எந்த மாட்டுக்காவது ஏதாவது ஆயிருக்கா?” என்று கேட்டாள். “அதெல்லாம் இல்லீங்க மேடம். லூர்தம்மா கை வச்சுச் சொன்னாத் தப்பாதுன்னு சொல்றாங்க. நம்ம டாக்டருங்களே ரெண்டு பேரு சந்தேகம்னா அவங்களைத்தான் கூப்பிடுறாங்களாம்.” சொல்லிவிட்டு அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டான். சட்டப்படி பார்த்தால் மனு சரிதான், பட்டம் இல்லைதான். ஏன் இல்லை? அதை விசாரிக்க எந்தக் கோப்பில் இடம் இருக்கிறது? விசாரிக்கப்போனால் முதலில் யாரைக் கூண்டில் ஏற்ற வேண்டும்? இந்த இடத்துக்கு வந்ததும் பூங்கோதையின் நினைப்பு வழக்கம்போலப் பக்கவாட்டில் நழுவப் பார்த்தது. முதல் வரிசையில் இருக்கிற வழுக்கைத் தலையைப் பார், அந்தப் பச்சைத் துணியைப் பார், பன்னீரின் பல்லைப் பார், கோபப்படு. கோபப்பட எத்தனை பேர் இருக்கிறார்கள். ஒருத்தியை மட்டும் பார்க்காதே.

நான்காம் வருஷக் கடைசி. செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் காபி குடிக்கப் போயிருந்தார். ஞானசம்பந்தம் மட்டும் நாற்காலி போட்டு, முன்னால் மேசையில் பண்ணைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷம் ஓரமாக நிற்கச் சொன்ன அதே வாயால், “கையை விட்டுப் பாத்துச் சொல்லும்மா” என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள். கற்றுக்கொடுக்க மாட்டார், ஆனால் கேட்பார். லூர்துவுக்கு அடுத்தவளாகப் பூங்கோதை உறையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். லூர்து கையை விட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. “சினை சார். ரெண்டு மாசம்.” அவர் பதிவேட்டைப் பார்த்தார். “வெறும் மாடு. நல்லாப் பாத்துச் சொல்லு.” “பாத்துட்டேன் சார். வலது கொம்பு பருத்திருக்கு, உள்ள தண்ணி தளும்புது. ரெண்டு மாசச் சினை.” “ரெஜிஸ்டர்ல சினை ஊசி போட்டதாவே இல்ல. வெறும் மாடுன்னு எழுதியிருக்கு.” “நீங்க கை விட்டுப் பாருங்க சார், ரெஜிஸ்டர்ல எழுத மறந்திருப்பாங்க.” “எனக்குச் சொல்லித் தர்றியா?” லூர்துவின் வாய் சும்மா இருக்கவில்லை. “நீங்க எங்களுக்குச் சொல்லித்தரல சார், நாங்களாத்தான் கத்துக்கிட்டோம்.” அவர் எழுந்திருக்கவும் இல்லை, மாட்டைத் தொடவும் இல்லை. தாளில் ஏதோ கோடு போட்டார். “நீ போகலாம். அடுத்து.” அடுத்து பூங்கோதை. கை உள்ளே போயிற்று. அதே மாடு, அதே சூடு. வலது கொம்பு பருத்துத் தளும்பிக்கொண்டு, விரலிடுக்கில் கருவைச் சுற்றிய சவ்வு வழுக்கிக்கொண்டு நழுவியது. சினைதான், ரெண்டு மாசம், சந்தேகமே இல்லை. உள்ளங்கைக்குள் ஒரு உயிர் மிதந்துகொண்டிருந்தது. லூர்து வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். எதற்காகப் பார்த்தாள் என்று கேட்கவே வேண்டாம். அப்பாவுக்கு அந்த வருஷம் ஓய்வு. பின்னால் இரண்டு தங்கைகள். படிப்பு பாதியில் நின்றால் வீடு தாங்காது. “என்னம்மா?” என்றார் அவர். கை இன்னும் உள்ளேதான் இருந்தது. “வெறும் மாடு சார்” என்றாள் பூங்கோதை. “அப்படிச் சொல்லு. கெட்டிக்காரி” என்றார். அவள் கையை உருவிக்கொண்டு திரும்பியபோது வாசற்படியில் யாரும் இல்லை. லூர்து அந்தத் தடவையும் ஃபெயில், ஆறு மாசம் கழித்து எழுதியதிலும் ஃபெயில். இரண்டுக்கும் மார்க் போட்டது அவர்தான். அதோடு வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பவில்லை. அவள் போன அடுத்த மாசம் அந்த மாடு ஈன்றது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. பயிற்சி மருத்துவராகப் பண்ணையில் இருந்த பூங்கோதைதான் பிரசவம் பார்த்தாள். கன்றைத் துணியால் துடைத்தாள், தொப்புளுக்கு மருந்து வைத்தாள், பதிவேட்டில் தன் கையாலேயே தேதி போட்டாள். ஒரு கடுதாசி, லூர்துவுக்கு ஒரே ஒரு கடுதாசி எழுதியிருக்கலாம். துறைத்தலைவர் அறைக்குப் போய்ப் பதிவேட்டைக் காட்டியிருக்கலாம். எழுதவில்லை. போகவில்லை. பயம் என்று சொல்லிக்கொண்டாள், பிறகு வேலை என்றாள், பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. அந்தக் கிழவர் செய்தது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குத் தெரியாது. அவர் கையே வைக்கவில்லை. தெரிந்து சொன்னவள் இவள் ஒருத்திதான். இத்தனை வருஷம் அந்த ஆள்மேல் கோபத்தைக் கொட்டிக் கொட்டி வளர்த்தது அவருக்காகவா, அல்லது அதை இறக்கி வைத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று பார்க்கப் பயந்தா?

“அடுத்ததாக, நம்ம ஞானி சாரே தன் வாயால கெட்டிக்காரின்னு பாராட்டின ஒரே மாணவி, டாக்டர் பூங்கோதை!” என்றான் பன்னீர். அதுகூட இவனுக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்டலுக்கு நடுவே படியேறினாள். மைக் முன்னால் தாளை விரித்தாள். “தந்தையைப் போல்” என்று படித்தாள். குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. “எங்களை அரவணைத்து, கைபிடித்து...” நின்றாள். தாளை நாலாக மடித்தாள். “இது பன்னீர் எழுதிக் கொடுத்தது. எனக்கு நன்றி சொல்ல வேண்டியது வேற ஒரு குடும்பத்துக்கு” என்றாள். நான்காவது வரிசையில் கயல் கண்ணை மூடிக்கொள்வது தெரிந்தது. “எங்க அஞ்சு பேருக்குச் சினை பார்க்கக் கத்துக்குடுத்தது இந்தக் கல்லூரி இல்ல. சார் எங்களை ஓரமா நிக்கச் சொல்லிட்டார்.” அரங்கத்தின் நடுவிலிருந்து ஒருவன், “பொடவை அழுக்காயிடும்மா!” என்று அவர் குரலிலேயே சொன்னான். குபீரென்று சிரிப்பு. ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் முகமெல்லாம் பாசத்தில் மலர்ந்துபோய்க் கிடந்தது. ஐயோ, இவர்களுக்கு இது இனிப்பான நினைவு. பூங்கோதையின் கை மைக் கம்பியை இறுக்கியது. அந்தோணியம்மாளைச் சொன்னாள், வெந்நீர் வாளியை, பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். லூர்துமேரி என்று பேரை இரண்டு தரம் சொன்னாள். “எங்க வகுப்புல அவளுக்கு மேல கை தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. அவளை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினாங்க. இன்னிக்கு அவ போலி டாக்டர்னு என் மேசையில மனு வந்திருக்கு. இந்த விழாவுக்கு அவளுக்கு அழைப்பு இல்ல.” சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது சொல்ல வேண்டும், அடுத்தது அதுதான், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பன்னீர் மேசைமணியைத் தட்டினான். மூன்று நிமிடம். “நன்றி” என்றாள் பூங்கோதை. அவ்வளவுதான். நன்றி. ஒரு கணம் கழித்துக் கைதட்டல் எழுந்தது, சிலர் எழுந்து நின்றும் தட்டினார்கள். ரத்தக் கதை சொன்ன அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பன்னீர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, “பாருங்க, நட்புன்னா இதுதான்! படிப்பை முடிக்காதவங்களைக்கூட மறக்காத பாசம்! இதுதான் நம்ம கல்லூரிக் குடும்பம்! அடுத்த வருஷம் லூர்து குடும்பத்தையும் கண்டிப்பாக் கூப்பிடுவோம்!” என்றான். இன்னொரு கைதட்டல். முழுங்கிவிட்டார்கள். மொத்தத்தையும் சர்க்கரை போட்டு ஒரே மடக்கில் முழுங்கிவிட்டார்கள். எல்லாரையும் குற்றம் சொன்ன அந்தப் பேச்சில் தன்னை மட்டும் அவள் அழகாக விட்டுவிட்டாளே, அதை வைத்துத்தான் முழுங்க முடிந்தது அவர்களால்.

படியிறங்கியவள் நான்காவது வரிசைக்குத் திரும்பாமல் முதல் வரிசைக்கு நடந்தாள். தானே யோசித்து நடந்த மாதிரி தெரியவில்லை, கால் போயிற்று. “சாப்பாட்டுக்கு முன்னாடி கல்வெட்டுத் திறப்பு, சாரை மேடைக்கு அழைச்சிட்டு வாங்க” என்று பின்னால் ஒலிபெருக்கி சொன்னது. ஞானசம்பந்தம் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சுருக்கமாகச் சிரித்தார். “நல்லாப் பேசினேம்மா” என்றார். “சார், நான் என்ன பேசினேன்னு உங்களுக்குக் கேட்டுச்சா?” “ஆங்?” அவர் மகள் குறுக்கே குனிந்து, மெதுவாக, “அப்பாவுக்கு மெஷின் போட்டாலும் சரியாக் கேக்காதுங்க” என்று இவளிடம் சொல்லிவிட்டு, அவர் காதருகே, “நன்றி சொல்றாங்கப்பா!” என்றாள். கிழவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். நடுங்குகிற, மெலிந்த, சுத்தமான கை. “இல்ல, நான் நன்றி சொல்லல” என்றாள் பூங்கோதை. “லூர்துமேரியைப் பத்திச் சொன்னேன் சார். லூர்துமேரி!” அந்தப் பேர் மட்டும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, “எந்த லூர்து?” என்றார். கோபித்துக்கொள்வார், மழுப்புவார், ஞாபகம் இருந்தும் இல்லாத மாதிரி நடிப்பார் என்று எத்தனையோ நினைத்து வைத்திருந்தாள். இதை நினைத்திருக்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கோடு போட்டு அடித்த ஆளுக்கு அந்தப் பெண் யார் என்றே தெரியவில்லை. அப்படியானால் நடந்தது இப்போது யாரிடம் இருக்கிறது? இவள் ஒருத்தியிடம்தான். இவளும் வாயை மூடிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அது நடக்கவே இல்லை. “கொஞ்சம் வழி விடுங்க, நேரமாச்சு” என்று பன்னீர் வந்து தோளைத் தொட்டான். “நீ ஓரமா நில்லு” என்றாள் அவனிடம், திரும்பிப் பாராமல். காலியாயிருந்த நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். காதில் விழ வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். வாழ்நாளில் வாத்தியார்கள் முன்னால் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தியவளில்லை. அவர் கருவிக் காதுக்கு நேராக வாயைக் கொண்டுபோய், மூச்சை இழுத்து, “அந்த மாடு சினை சார்!” என்று கத்தினாள். அரங்கத்தில் எழுந்துகொண்டிருந்தவர்கள் எழுந்த வாக்கில் நின்றார்கள். “ரெண்டு மாசம்! லூர்து சொன்னதுதான் சரி! என் கைக்கும் தெரிஞ்சுது! நான்தான் பொய் சொன்னேன்!” அவர் மகளின் மடியிலிருந்து கைத்தடி நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. கிழவரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அவருக்குக் கேட்டிருந்தது. பூங்கோதை எழுந்திருக்கவில்லை. அதே குரலில், “முதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க” என்றாள்.